பன்னிரண்டு ஏழு

கடை அலமாரிக்குப் போகும் கடிகாரங்களுக்குப்
பத்து மணி பத்து நிமிடம் வைப்பது என் வேலை.
புதிதாய்ச் சேர்ந்தவள் கேட்பாள்:
"யாரோ பெரிய மனுஷர் செத்த நேரமாமே அக்கா?"
மாதத்துக்கு ஒருத்தியாவது கேட்பாள்.
செத்தவர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்.
இல்லை கண்ணு,
கம்பெனிப் பெயரை முள் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.
எட்டு இருபது வைத்துப் பார்,
கடன் கேட்டு வந்த முகம் மாதிரி இருக்கும்.
யார் வாங்குவார்கள்?

என் பெயர் தவமணி.
பிறந்த தேதி ஜூன் ஒன்று.
கெலமங்கலம் பள்ளியில் தலைக்கு மேலே கையை வளைத்து
எதிர்க்காதைத் தொட்டேன்.
தொட்டதும் வாத்தியார் எழுதினார்,
அப்படித்தான் பிறந்தேன்.
அதே நாளில் அதே பெஞ்சில்
இன்னும் பதினோரு பேர் பிறந்தார்கள்.

எனக்கு இரட்டைப் பெண்கள்.
ஓசூர் அரசு ஆஸ்பத்திரி, ஏப்ரல் பதின்மூன்று,
இரவு பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மோக்ஷிதா.
பன்னிரண்டு ஏழுக்கு தீக்ஷிதா.
நர்ஸ் ஜெசிந்தா சீட்டு எழுதிக்கொண்டே சிரித்தார்:
"ஒண்ணு பங்குனி, ஒண்ணு சித்திரை.
ஒம்பது நிமிஷத்துல ஒரு வருஷம் மூத்தவளாயிட்டாம்மா."

என் வீட்டுக்காரர் முனிவெங்கடப்பா
இட்லிப் பொட்டலத்தோடு வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை.
"யுகாதி போய் நாலு வாரம் ஆகப்போகுது.
ஒப்பட்டு தின்ன வாய் மறந்துடுச்சா?
ரெண்டும் விளம்பி வருஷம்தான்."

ஜாதகம் எழுத வந்தவர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை.
சூரியன் எழுந்தால்தான் நாள் பிறக்கும்,
நட்டநடு ராத்திரியில் தேதி மாறுவது
ரயில்காரனுக்கும் பேங்குக்காரனுக்கும் என்றார்.
ஆகவே ரெண்டும் பங்குனி, ரெண்டும் ஹேவிளம்பி.

ரெண்டும் ஒரே வருஷம் என்பதில்
இருவருக்கும் சண்டையே இல்லை.
எந்த வருஷம் என்பதில்தான்
காபி ஆறிப்போனது.

இத்தனைக்கும் முனிவெங்கடப்பாவுக்குச் சோறு போடுவது
யுகாதி அல்ல.
பாகலூர்ப் பசுமைக்குடிலில்
பிப்ரவரி பதினாலுக்கு மொட்டு வரவேண்டும் என்று
டிசம்பரிலேயே கவாத்து செய்கிறார்.
ரோஜா எந்தப் பஞ்சாங்கத்தையும் கேட்டதில்லை,
கத்தரிக்கோலைக் கேட்கும்.

நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.
திறந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்:
நம் மணிக்கட்டில் ஓடுவது நம் ஊர் மணியே இல்லை.
சென்னையைத் தாண்டி
கடலுக்குள் எங்கேயோ இறங்கும் ஒரு கோட்டின் மணி.
ஒரு சித்திரையில் சாப்பாட்டு இடைவேளையில்
கம்பெனிக் கொடிக்கம்பத்தடியில் நின்று பார்த்தேன்.
சங்கு ஊதியபோது
நிழல் இன்னும் மேற்கே சாய்ந்திருந்தது.
அது காலடிக்கு வந்து சேர
பத்தொன்பது நிமிடம் பிடித்தது.
எலுமிச்சை சாதம் ஆறிப்போனது.
சூப்பர்வைசர் முறைத்தார்.

உச்சி பிந்தினால் நடுராத்திரியும் பிந்தும்.
வானத்தைக் கேட்டால்
தீக்ஷிதா பிறந்தபோது
நேற்று இன்னும் முடியவில்லை.

இப்போது எட்டு வயது.
மூத்தவள் பள்ளியில் வரிசையாய் மிட்டாய் நீட்டுகிறாள்.
சின்னவளுக்கு ஊரே லீவு.
தனக்காகத்தான் அரசாங்கம் விடுகிறது என்று
இரண்டாம் வகுப்பு வரை நம்பினாள்,
இன்னமும் கொஞ்சம் நம்புகிறாள்.
ரெண்டு நாள், ரெண்டு கேக்.
ரெண்டாவது கேக்குக்கு மெழுகுவர்த்தி
முதல் கேக்கிலிருந்து கழுவி எடுத்தது.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது.
பிரசவ வார்டுச் சுவரில் ஒரு கடிகாரம்,
என் தலைமாட்டில் நானே சோதித்துப் பாஸ் போட்ட கைக்கடிகாரம்.
வலிக்கும் வலிக்கும் நடுவே
வேறு பார்க்க எதுவுமில்லாமல்
ரெண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
தொழில் புத்தி.

சுவர்க் கடிகாரம்
எட்டு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.